எங்கள் வீட்டில் கேட்காத ஒரு நிமிடம்

என் மகள் பிரையனி பன்னிரண்டாம் வகுப்பு இசைத் தேர்வுக்குப் பியானோ வாசிப்பதென்று முடிவெடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தியதில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கரையில், போர்ட்லண்ட் துறைமுகத்தில் மரச்சில்லுகளைக் கப்பலுக்கு ஏற்றும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பியானோ நிற்கும் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் கட்டில். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால், அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியாக வேண்டும்.

தேர்வுக்கு நான்கு உருப்படிகள். பிப்ரவரியில் ஒன்றைச் சேர்ப்பாள், மறுநாள் தூக்கி எறிவாள். இது ரொம்பச் சுலபம், அது எல்லாரும் வாசிப்பது, இன்னொன்றுக்குத் தன் கை எட்டாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. ஒருவழியாக மூன்று நின்றன. நான்காவதாக, எங்கோ ஒருமுறை கேட்டு மனதைப் பறிகொடுத்த ஒன்றைச் சொன்னாள். யாரோ ஒரு நார்வேக்காரர் எழுதியது. பள்ளியின் ஒரே இசை ஆசிரியை மிஸ் கிட்லி, கிளாரினெட் வாசிப்பவர். அவர் தலையாட்டி, மெல்போர்னில் தெரிந்தவர் மூலம் அதன் இசைத்தாள்களின் ஸ்கேன் வாங்கி, அச்சடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் பெயரே 'நார்வேக்காரர்' என்றாகிவிட்டது.

தேர்வு அக்டோபர் நடுவில். அதற்கு முன் ஓர் எழுத்து வேலையும் உண்டு: நான்கில் ஒன்றை எடுத்து, அதை இருவர் வாசித்த பதிவுகளை ஒப்பிட்டு எழுத வேண்டும். செப்டம்பர் விடுமுறையில் அவள் நார்வேக்காரரை எடுத்தாள். சமையலறை மேசையில் அவள் நோட்டோடு உட்கார, நான் ஃபோனில் நேரம் பார்த்துச் சொன்னேன். ஆண் வாசித்தது ஐந்து நிமிடம் ஐம்பது விநாடி. பெண் வாசித்தது ஐந்தேகால் நிமிடம். பிறகு பிரையனி போய் வாசித்துவிட்டு வந்தாள். நான்கு நிமிடம் பத்து விநாடி.

அவள் முகம் வெளுத்துவிட்டது. தான் இத்தனை மாதமும் தலைதெறிக்க ஓடியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மெதுவாக வாசிக்க ஆரம்பித்தாள். நாலு இருபது, நாலரை, நாலே முக்கால். நன்றாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று காலை இழுத்து நடப்பதுபோல இருந்தது எனக்கு. அவளுக்கும் தெரிந்தது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவாள். விரல் நகங்களைக் கடித்துத் தீர்த்திருந்தாள்.

"இந்த வேகத்துல போனா கிறிஸ்துமஸுக்குத்தான் முடியும்," என்றாள் என் மனைவி டெனீஸ், அவளைச் சிரிக்க வைக்கலாமென்று. பிரையனி சிரிக்கவில்லை.

ஒரு நாள் காலை, வேலை முடிந்து வந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணின் பதிவைச் சும்மா ஓட விட்டேன். பாதியில் என் கை நின்றது. மேலிருந்து சரிந்து வரும் அந்த வேகமான இடத்துக்குப் பிறகு, இடது கை மட்டும் அடித்தொண்டையில் பேசுவதுபோல ஒன்று வந்தது. அதை நான் கேட்டதே இல்லை. திரும்பவும் போட்டேன். அந்த ஆளின் பதிவிலும் அது இருந்தது.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள். நான் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும்? தப்பாகச் சொன்னால் ஏற்கெனவே உடைந்திருக்கும் பிள்ளையை இன்னும் கலக்கியதாகும். சரியாக இருந்தால் அதைவிட மோசம். அன்று முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மதியம், பொறுக்க முடியாமல் பியானோ பக்கம் போய் நின்றேன்.

"பிரை, ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?"

"நடுவுல ஒரு எடம் வருது. அமைதியா, இடது கை மட்டும். அத நீ வாசிச்சு நான் கேட்டதே இல்ல."

"நீ பாதி நேரம் தூங்கிட்டுல்ல இருப்ப."

"தூங்கினாலும் காது தெறந்துதானே இருக்கு. எத்தன மாசமா கேக்கறேன்."

அவள் பெருமூச்சு விட்டு, என் வாயை அடைப்பதற்காகவே பதிவைப் போட்டு, தாளின் மேல் விரலை ஓட்டினாள். தாளோடு சேர்த்து அவள் பதிவைக் கேட்பது அதுதான் முதல் முறை. மூன்றாம் தாளின் கடைசி வரியில் விரல் நின்றது. இசை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து நான்காம் தாளின் முதல் வரி வந்தது. தாளைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். ஸ்கேன் செய்தவர் ஓரங்களை வெட்டியிருந்ததால் பக்க எண்களே இல்லை. நடுவில் இரண்டு பக்கம் விட்டுப் போயிருந்தது. மூன்றிலிருந்து நான்குக்குத் தாவினாலும் உறுத்தாதபடி அந்த நார்வேக்காரர் எழுதித் தொலைத்திருந்தார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"மிஸ் கிட்லிகிட்ட யாருப்பா சொல்றது?"

அவர் வீட்டுக்கே போனோம். வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டே வண்டி ஓட்டினேன். அதில் ஒன்றுகூட மரியாதையான வார்த்தை இல்லை. மிஸ் கிட்லிக்கு முப்பது வயதுதான் இருக்கும். பிரையனி தாள்களைக் காட்டி விளக்கியதும், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இத முழுசா ஒரு தடவகூடக் கேட்டதில்ல, பிரையனி," என்றார். "நீ அவ்ளோ ஆசையா சொன்ன. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. பியானோவுல நீ எப்பவோ என்னத் தாண்டிப் போயிட்ட."

நான் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

அவர் வழிகளைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் என்றால் உருப்படியை மாற்றலாம். போன வருடம் வாசித்த சுலபமான ஒன்று இருக்கிறது. அல்லது தவறு தன்னுடையது என்று தேர்வுக் குழுவுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றார். கடிதத்துக்கு மார்க் உண்டா என்று பிரையனி கேட்டாள். இல்லை என்றார். அப்படியானால் அந்த இரண்டு பக்கத்தையும் வாங்கித் தாருங்கள் என்றாள். மறுபடி யோசிக்கவில்லை.

அன்று மாலையே பக்கங்களின் படம் ஃபோனில் வந்தது. வேகம் இல்லை, ஆனால் இடது கை அகல விரிய வேண்டும். அவளுக்கோ சின்னக் கை. மறுபடி இரண்டு பதிவுகளையும் போட்டுக் கேட்டாள். இந்த முறை நேரம் பார்க்கவில்லை. அந்த ஆள் பெடலை விடாமல் மிதித்து எல்லாவற்றையும் ஒரே பனிமூட்டமாக்கியிருந்தார். அந்தப் பெண், ஒரே சமயத்தில் அழுத்த வேண்டிய சுரங்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்திருந்தாள். "இவளுக்கும் சின்னக் கைதான் போல," என்றாள் பிரையனி. அந்த வழியையே எடுத்துக்கொண்டாள். ஒரே வரியை நாற்பது தடவை. நான் சோஃபாவுக்கு மாறிப் படுத்தேன்.

விடுபட்ட பகுதி வந்து சேர்ந்ததும் உருப்படியின் முடிவும் மாறிவிட்டது. அதுவரை வெறும் ஆத்திரமாகக் கேட்ட கடைசிப் பக்கம், இப்போது ரொம்ப நேரம் அடக்கி வைத்த ஒருவர் பேசுவதுபோல இருந்தது.

தேர்வு நடந்தது பக்கத்து நகரமான வார்னம்பூலில். நான் அறைக்கு வெளியே நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு வழியாக மூன்று உருப்படிகள் கேட்டன. பிறகு நார்வேக்காரர். அந்த இடம் நெருங்க நெருங்க என் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. இடது கை தொடங்கியது. ஒரு சுரம் பிசகவில்லை. நான் மூச்சை விட்ட நேரத்தில், ஏப்ரலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற அடுத்த பக்கத்தில், அவள் தடுக்கினாள். சத்தமே இல்லை. இரண்டு விநாடிதான் இருக்கும்; எனக்கு அது முடியவே இல்லை. பிறகு ஒரு தப்புச் சுரம், அதைத் திருத்தி இன்னொன்று. பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்விட்டாள்.

திரும்பும் வழியில் போர்ட் ஃபேரி ஊரில் காரை நிறுத்தினேன். அங்கே சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். பல வாரங்களுக்குப் பிறகு ஒன்று மிச்சம் வைக்காமல் தின்றாள்.

"புதுசுல தப்பே வரலப்பா."

"கேட்டேன்."

"பழசுல போய் விழுந்தேன் பாரு. அதுலேருந்து தப்பிச்சாச்சு, இனிமே கவலயில்லன்னு ஒரு நொடி நெனச்சேன். அவ்ளோதான்."

டிசம்பரில் மதிப்பெண் வந்தது. ஒப்பீட்டுக்கு ஏறக்குறைய முழு மார்க். அந்த ஒரு நிமிடத்தை இருவரும் எப்படி வாசித்தார்கள் என்பதைப் பற்றியே நான்கு பக்கம் எழுதியிருந்தாள். வாசிப்புக்கு வந்தது நல்ல மார்க்தான், ஆனால் மெல்போர்னில் அவள் விரும்பிய படிப்புக்கு நான்கு குறைவு. அன்று மாலை மிஸ் கிட்லி வந்து ரொம்ப நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வருடம் இங்கேயே இருந்து, பள்ளிப் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசித்துக்கொண்டு, மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன் என்று பிரையனி எங்களிடம் சொன்னாள். டெனீஸுக்கு அழுகை வந்தது. எனக்கு, வெளியே காட்டிக்கொள்ளவில்லை, உள்ளூரச் சந்தோஷம்: இன்னும் ஒரு வருடம் அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்கலாம்.