பையில்லாத சட்டை

பிணத்துக்குப் போட வாங்கி வந்த வெள்ளைச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அக்கா. நாற்பது வருடம் தையல் மெஷினை மிதித்தவள். எதிரே எவன் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள். தோள்பட்டைத் தையலைத்தான் பார்ப்பாள்.

"இது சட்டையா? கொசுவலையை மடிச்சு பட்டன் வெச்சிருக்கான்."

"அவசரத்துக்கு இதுதான் கிடைச்சுது அண்ணி," என்றாள் தம்பி மனைவி. காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அதற்குத்தான்.

கூடத்தில் தம்பி மார்புவரை போர்வையோடு கிடந்தான். நாலு மணிக்கு வண்டி வரும். முப்பது வருடம் ஒரு ரெட்டை இருக்கை விமானத்தை ஆகாயத்தில் தலைகீழாக ஓட்டியவன், நேற்று சமையலறை பல்பை மாற்ற மூன்றடி ஸ்டூலில் ஏறி, விழுந்து, செத்துப்போனான். செய்தி சொன்னவர்களிடம் அக்கா முதலில் கேட்டது, "எந்த ஸ்டூலு?" என்றுதான்.

வந்தவர்களெல்லாம் அவனை வீரன் என்றார்கள். அக்கா மூக்கைச் சுளித்தாள். வீரனாம்! இவனைப் போல ஒரு தொடைநடுங்கி பிறக்க இன்னும் ஏழு தலைமுறையாவது ஆகும். ஒரே ஒரு கரணம் அடிக்க நாலாயிரம் அடி ஏறுவான். இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை திரும்பி, வேறு விமானம் இருக்கிறதா என்று தேடுவான். காக்கைகளிடம்கூட ஒப்புதல் கையெழுத்து வாங்குவான் என்பது அக்காவின் கட்சி. பெல்ட்டை விலா எலும்பு நொறுங்க இறுக்குவான். இத்தனைக்கும் பிறகு, அரை நிமிடம் தலைகீழ்.

"தப்பு நடக்காம இருக்காதுக்கா. நடந்தா திருத்திக்க கீழ எடம் வேணும்ல," என்பான்.

ஒருமுறை அப்படிக் கவிழ்ந்தபோது, சட்டைப் பையிலிருந்த பேனா மூடி நழுவி, விமானத்தைத் திருப்பும் கால் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்க, பெடல் நகரவில்லை. கீழே இடம் இருந்ததால் குனிந்து தேடி எடுக்க நேரமும் இருந்தது. அன்று சாயங்காலமே அவள் கடை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இனிமே எனக்குப் பையில்லாம தைச்சுக் குடு."

"பையில்லாத சட்டைக்குப் பேரு ரவிக்கைடா."

திட்டிக்கொண்டேதான் தைத்தாள். அதற்கப்புறம் அவன் போட்டதெல்லாம் அவள் தைத்த ரவிக்கைதான்.

வாசலில் ஒரு வயிறு நுழைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதற்குச் சொந்தக்காரனும் வந்து சேர்ந்தான். தம்பியோடு விமானக் கிளப்பில் பறக்கிறவன். சூறாவளி என்று பட்டப்பெயர். வேறு யாரும் வைக்காததால் தானே வைத்துக்கொண்டது.

"விமானச் சாவியைக் குடும்மா," என்றான் தம்பி மனைவியிடம், தெருவுக்கே கேட்கும்படி. "நாலரைக்கு மயானத்துக்கு மேல, அவன் விமானத்துலயே, முந்நூறு அடியில ஒரு கரணம் அடிக்கிறேன். வீரனுக்கு வீர மரியாதை!"

கூடம் கைதட்டாத குறை. தம்பி மனைவி எழுந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. கண் மட்டும் அக்காவிடம் வந்தது.

"முதல்ல உன் பையில இருக்கிறதை எடுத்து வை," என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"அவன் விமானத்துல ஏறப் போறல்ல? எடுத்து வை."

அவன் சிரித்தபடி மேஜையில் கடை பரப்பினான். ரெண்டு போன், ஒரு கொத்துச் சாவி, அரை பாக்கெட் பிஸ்கட், ஒரு ஸ்க்ரூடிரைவர், பதினோரு முடிக்கு ஒரு முழ நீளச் சீப்பு. கடைசியாக ஒரு பேனா. மூடி இல்லை.

"மூடி எங்க?"

"எங்கயோ விழுந்திருக்கும்க்கா. அதுவா இப்ப முக்கியம்?"

"அவன் எத்தனை அடிக்கு மேல அடிப்பான்?"

"அவன் ஜாக்கிரதைப் பேர்வழி. முடிக்கிறதே ரெண்டாயிரத்துக்கு மேலதான். அவ்வளவு உசரத்துல அடிச்சா கீழ இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? ஈ பறக்கிற மாதிரி இருக்கும்."

"மூணடிலேருந்து விழுந்தவன் அதோ கெடக்கான்," என்றாள் அக்கா. "திருத்திக்க எடமில்ல. நீ முந்நூறு அடியில திருத்திடுவியாக்கும்? அதுவும் சரிதான். மயானத்துக்கு மேலேயே விழுந்துட்டா உனக்குத் தனியா வண்டி வைக்க வேண்டாம்."

யாரோ சிரித்து, சாவு வீடு என்று நினைவு வந்து, இருமினார்கள்.

தம்பி மனைவியின் கையிலிருந்த சாவியை வாங்கித் தான் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினாள் அக்கா. சூறாவளி தன் சாமான்களை அள்ளிக்கொண்டு, வயிற்றை முன்னே விட்டு வெளியே போனான்.

"மணி மூணரை," என்றாள் தம்பி மனைவி. "சட்டையைப் போட்டுடலாமா அண்ணி?"

அக்கா சட்டையை மடியில் விரித்தாள். சின்னக் கத்தரியை எடுத்து, சட்டைப் பையின் மூலைத் தையலைக் கிள்ளினாள். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தாள். பை கையோடு வந்தது. துணியில் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. கட்டைவிரல் நகத்தால் நீவி நீவி அவற்றை மூடினாள்.

"மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு..."

"மூணாவது பட்டன் லூசா இருக்கு," என்றாள் அக்கா. "வெள்ளை நூல் எடு."