எலுமிச்சம்பழம் வைத்த கார்

"ஒரு சமுதாயத்தின் மேன்மை, அது தன் குழந்தைகளை யார் கையில் ஒப்படைக்கிறது என்பதில் இருக்கிறது." திருச்செங்கோட்டில் தன்னுடைய மழலையர் காப்பகத்து வாசலில் தாளாளர் உஷாராணி இதைக் கருங்கல்லில் வெட்டிப் பதித்திருந்தார். மொழிந்தவர் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டார். அடுத்த வரி: மது அருந்தி வருவோரிடம் குழந்தை தரப்படமாட்டாது. அதற்கும் அடுத்த வரி: உபயம், தனபால், போர்வெல் ரிக் உரிமையாளர்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குத் தனபால் மகளைக் கூட்டிப்போக வந்தார். மத்தியானம் புது ரிக் லாரிக்குப் பூசை. பூசைக்குப் பிறகு நடந்தது சட்டையிலேயே மணத்தது. கார் கல்வெட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"சாமி, வா, ஊட்டுக்குப் போலாம்."

மூன்றரை வயது கனிஷ்கா, ஆசிரியை சத்யபிரியாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கார் வளைந்து வளைந்து வந்ததைப் பார்த்ததுமே சத்யபிரியா கேட்டைப் பூட்டியிருந்தாள்.

"ஏனுங்க மிஸ், நான் யாருன்னு தெரியலீங்களா?"

"தெரியுதுங்க. பாப்பாவோட அம்மா எருமப்பட்டில பஸ் ஏறிட்டாங்களாம். அவங்க வரட்டுங்க."

"எம்புள்ளைய நான் கூட்டிட்டுப் போறதுக்கு பஸ்ஸு வரோணுமா?"

சத்தம் கேட்டு உஷாராணி வந்தார். வாடை பட்டதும் அரை அடி பின்வாங்கினார். சிரிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சார் கொஞ்சம் டயர்டா இருக்காரு. ஆயா, ஒரு எலுமிச்சம்பழம் கொண்டா, ஜூஸ் போடலாம்."

பழம் வந்தது. கத்தி வருவதற்குள் தனபால் கம்பிவழியாகக் கையை விட்டு அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிரமப்பட்டுக் குனிந்து கார் டயருக்கு அடியில் வைத்தார். "முனியப்பா, நீதான் காப்பாத்தோணும்" என்று பானெட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்தியா சத்யா? சரியா டயருக்கு நேரா வெச்சாரு. நெதானம் இல்லாதவரு வெப்பாரா?"

"கல்லுல எழுதி வெச்சிருக்கீங்களே மேடம்."

"அது வெளியாளுங்களுக்கு எழுதுனது கண்ணு. திங்கக்கிழமை வேலைக்கு வரோணுமா வேண்டாமா? கேட்டைத் தெற."

சத்யபிரியா பூட்டைப் பிடித்தாள். சாவி பூட்டுக்குள் போய்விட்டது. தனபாலுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"மேடம், உங்க ஊடும் நம்ம வழிதானுங்க. நீங்களும் ஏறுங்க, எறக்கி உட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாங்க சார். எனக்கு ஏசி காத்து ஒத்துக்காதுங்க. ஒடனே தலைவலி வந்துரும்."

சாவியைத் திருகாமல் சத்யபிரியா திரும்பிப் பார்த்தாள். "கண்ணாடிய எறக்கி உட்டுக்கலாங்க மேடம். நீங்க முன்னாடி உக்காருங்க. பாப்பாவ உங்க மடியிலயே குடுத்தறேன்."

உஷாராணி காரைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சத்யபிரியா சாவியை உருவிக்கொண்டாள். தனபால் நியாயம் கேட்பதற்காகக் காரில் ஏறி உட்கார்ந்தார், கேட்பதற்குள் தூங்கிப்போனார். ஏழரை மணிக்கு வசந்தாமணி வந்து மகளைத் தூக்கிக்கொண்டு, காரின் பக்கம் திரும்பாமல் ஆட்டோ ஏறினாள்.

திங்கட்கிழமை அலுவலக அறைக்குச் சத்யபிரியாவைக் கூப்பிட்டார்கள். பெற்றோரின் மனம் புண்படும்படி நடந்துகொண்டதற்கு மன்னிப்புக் கடிதம். வாசகம் உஷாராணியுடையது, கையெழுத்து மட்டும் இவளுடையது. குளித்து விபூதி பூசி வந்திருந்த தனபால் அதை இரண்டு தடவை படித்தார்.

"என்னங்க இது? சனிக்கிழமை நான் இங்க வரவே இல்லீங்களே. பாப்பாவ அவங்கம்மாதான கூட்டிட்டு வந்தா?"

"ஆமாங்க சார், ஆமாங்க" என்றார் உஷாராணி.

இருந்தாலும் கடிதம் கோப்புக்குள் போனது. கேட் சாவி சத்யபிரியாவின் கையிலிருந்து உஷாராணியின் கைப்பைக்குள் போனது. "இனிமே சார் எப்ப வந்தாலும் நானே தெறந்து உடறேனுங்க."

அறையில் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் தனபால் உபயம்.