கலாதேவி வாங்கிய டிவி ஸ்டிக்

கடைக்குள் நுழைந்ததும் கலாதேவி தன் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து கண்ணாடி மேசைமேல் வைத்தாள். அவள் வீட்டு டிவியின் பின்பக்கம். ஓட்டைகளும் தூசியும் ஒரு பல்லி முட்டையும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

"அண்ணே, இந்த டிவில யூடியூப் வரணும். சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்குள்ள வரணும். புது டிவி வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஷரபுதீன் மலேசியாவின் ஈப்போ நகரில் இருபது வருடமாகக் கைப்பேசியும் மின்சாமான்களும் விற்பவர். நாளும் நேரமும் குறித்துக்கொண்டு வந்து பொருள் கேட்டவர்கள் குறைவு. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் படத்தைப் பார்த்தார்.

"சனிக்கிழமை என்ன தங்கச்சி, சினிமாவா?"

"எம் மக பட்டம் வாங்குறா. தஞ்சோங் மாலிம்ல. யூனிவர்சிட்டியே லைவ் போடுது."

"மாஷா அல்லாஹ்! நீ போகலியா?"

"நான் போறேன். அவ அப்பாவாலதான் வர முடியாது."

அவள் கணவர் பத்துமலை லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. சர்க்கரை நோய் கண்ணையும் மங்கவைத்திருந்தது. கைப்பேசித் திரையில் அவருக்கு எல்லாமே ஒரு வெளிச்சம்தான்; டிவியில்தான் ஆள் தெரியும். ஒரே மகள் பிரமிளா மேடையில் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒருமுறைதான் சொன்னார். அந்த ஒருமுறை கலாதேவிக்குப் போதுமானதாக இருந்தது.

ஷரபுதீன் முதலில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவைத்தார்.

"எல்லாரும் கேக்குறது இதுதான். எல்லாச் சேனலும், எல்லாப் படமும் சும்மா. மாசக் கட்டணமே இல்ல."

"சும்மா எப்படி அண்ணே குடுப்பாங்க?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது லா."

கலாதேவி பெட்டியைத் தொடவில்லை. "அப்ப யாரோ உழைச்சதுதானே. வேணாண்ணே. எம் புள்ள பட்டம் வாங்குறத அவ அப்பா நல்லதுலயே பாக்கட்டும்."

அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஷரபுதீன் பெட்டியை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். அதன்பின் அவர் பேச்சு மாறியது. டிவி எத்தனை வருடப் பழசு, யார் இயக்கப் போகிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டார். இரண்டு சின்ன ஸ்டிக்குகளை எடுத்துவைத்தார். ஒன்று கொஞ்சம் விலை கூட.

"இதுல படம் ரொம்பத் துல்லியம். ஆனா உன் டிவிக்கு அந்தத் துல்லியம் காட்டத் தெரியாது. காசு வேஸ்ட்டு. இன்னொன்னு போதும்."

"ரிமோட்ட குடுங்க."

கலாதேவி கண்களை மூடிக்கொண்டாள். ரிமோட்டை இடது கையில் மட்டும் பிடித்து, கட்டைவிரலால் தடவி, ஒவ்வொரு பொத்தானாகத் தேடினாள். விலை கூடியதில் பொத்தான்கள் நெருங்கி, தட்டையாக இருந்தன. மற்றதில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு குழியும் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டன. மூன்று முறை செய்து பார்த்தாள். கடைக்கு வந்த வேறு இரண்டு பேர் அவளையே பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

"இதான்," என்றாள்.

"வீட்டுல லைன் இருக்குதானே?" என்று பில் போட்டபடியே கேட்டார் ஷரபுதீன்.

"லயன்தான் அண்ணே."

"அப்ப பிரச்சினையே இல்ல."

பிரச்சினை வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. செமோரைத் தாண்டி, ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே தொழிலாளர் லயத்தில் அவர்கள் வீடு. ஆறு வீடுகள் ஒட்டினாற்போல. ஸ்டிக்கைச் சொருகியதும் படம் வந்தது. பத்துமலை கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். படம் அத்தோடு நின்றுகொண்டு, எந்த வைஃபை என்று கேட்டது. பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது: முத்தம்மா பேலஸ். பக்கத்தில் பூட்டு.

கலாதேவி கடைக்கு அழைத்தாள்.

"லைன் இருக்குன்னு சொன்னியே தங்கச்சி!"

"இருக்கே. லயன்லதான் இருக்கோம். ரெண்டாவது வீடு."

மறுமுனையில் ஷரபுதீன் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் இன்டர்நெட் லைன கேட்டேன்மா. நீ தோட்டத்து லயத்த சொல்லியிருக்க!" சிரிப்பு அடங்கியதும், "தப்பு எம் மேலயும் இருக்கு. கொண்டா, காச திருப்பித் தாரேன்," என்றார்.

"காசு வேணாண்ணே. படம் வேணும்."

கைப்பேசியிலிருந்தே இணைக்கும் வழியை அவர் சொல்லிக்கொடுத்தார். அந்த வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் வரும். சன்னலில் வைத்தாள், அலமாரிமேல் வைத்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றிருந்தாலும், சனிக்கிழமை அந்தக் கைப்பேசி அவளோடு தஞ்சோங் மாலிம் போகப் போகிறது.

"பக்கத்து வீட்டுல கேளேன்," என்றார் ஷரபுதீன் கடைசியாக.

கலாதேவிக்கு அதுதான் வராது. பத்துமலை விழுந்த முதல் வாரத்தில் லயத்தார் குழம்பும் கஞ்சியும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் துலக்கி, ஏதாவது ஒன்று போட்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மெல்ல மெல்ல வருவது நின்றது. கொடுக்கத் தெரிந்தவளுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். கைகூப்பி நின்றாள். திரும்பியபோது பத்துமலை இன்னும் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனாள்.

முத்தம்மா வாசலில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கலாதேவி சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்கு என்ன தெரியும்? எம் மூஞ்சியப் பாத்துப் பேச எம் மவன் கோகிலன் வெச்சிட்டுப் போனது. சிங்கப்பூர்ல வேலை முடிஞ்சி போன் பண்ணுவான். நீ போ," என்றாள்.

அந்த 'நீ போ' கலாதேவியோடு கூடவே வீட்டுக்கு வந்தது.

அரைமணி கழித்து, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவரைத் தாண்டி முத்தம்மாவின் குரல் ஓங்கிக் கேட்டது.

"கலா! ஜங்ஙான் காச்சாவ்!"

தொந்தரவு பண்ணாதே என்று மலாய்க்காரர்கள் சொல்வது அது. லயத்துச் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். கலாதேவியின் முகம் சுருங்கிப்போனது.

"கேட்டுச்சா? இதுக்குத்தான் நான் எங்கயும் போய் நிக்கிறதில்ல," என்றாள் கணவரிடம். "நாளைக்கு லீவு போட்டுட்டு மறுபடி ஈப்போ போறேன். வேற ஏதாவது இருக்கும். இல்லாமப் போவாது."

பத்துமலையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அத… அடி," என்றார்.

"யார அடிக்கிறது?"

"ரிமோட்ல… அடி. அதான்… பாஸ்வர்டு." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "கோகிலன்… லீவுல வந்தா… கூட்டாளிங்க… கேப்பானுங்க. இதத்தான்… சொல்வான். அவனுங்க… கோவிச்சிக்குவானுங்க."

நாளெல்லாம் அந்தச் சுவரோரம் படுத்திருப்பவருக்குத் தெரிந்தது, நாளெல்லாம் வேலைக்குப் போய்வருபவளுக்குத் தெரியவில்லை.

அடிப்பதற்கு அவள் கையை நீட்டினாள். அவர் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை தான்தானே இயக்க வேண்டும் என்பதுபோல் அதை இடது கையில் இறுக்கிப் பிடித்தார். மங்கிய எழுத்துகளை அவள் வாசித்துச் சொல்ல, வட்டத்தில் கட்டைவிரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. வியர்த்தது. முடித்ததும் தவறு என்றது திரை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி தவறு.

"விட்டுடவா?" என்றாள்.

"ம்ஹூம்," என்றார்.

மூன்றாம் முறை தொடங்கியபோது முத்தம்மா வாசலில் நின்றாள். "என்னா கலா, கோகிலன் சொன்னத அவ்ளோ கத்துனேன், ஒரு பதிலும் காணோம்? எல்லாம் சின்ன எழுத்து லா. நடுவுல எடம் விடாத."

இடம் விட்டதுதான் தவறாக இருந்தது. விடாமல் அடித்ததும் பூட்டு மறைந்தது. திரை முழுக்க வண்ண வண்ணமாகப் படங்கள் நிறைந்தன. பத்துமலை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கலாதேவி தலையைக் குனிந்தபடி, "என்னத் தொந்தரவு பண்ணாதன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்க்கா," என்றாள்.

முத்தம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெண்டு வருஷமா அத நீதானே எங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்த," என்றாள்.

அதில் கோபம் இல்லை. கலாதேவி அலமாரியைத் திறந்து வீட்டின் இன்னொரு சாவியை எடுத்தாள். அதை முத்தம்மாவின் கையில் வைத்து, "சனிக்கிழமை அவர கொஞ்சம் பாத்துக்குறீங்களாக்கா?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் அவள் வாய்திறந்து கேட்ட இரண்டாவது உதவி அது. முதலாவதைக் கேட்டு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை காலை தஞ்சோங் மாலிம் மண்டபத்தில் அவள் உட்கார்ந்து சிறிது நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. முத்தம்மாவின் எண். பதறிப்போய் எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல கலா, உன் வீட்டுல உக்கார எடமில்ல. லயமே இங்கதான் இருக்கு. இரு, அண்ணன் பேசணுமாம்."

பின்னால் பிள்ளைகளின் சத்தமும் யாரோ அதட்டுவதும் கேட்டன. பிறகு அந்தக் குழறிய குரல்.

"கொட்டாவி… விடாத. டிவில… தெரியுது."

கலாதேவி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இணைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. கைப்பேசியைக் காதோடு வைத்தபடியே இருந்தாள்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. "பிரமிளா அனாக் பெரெம்புவான் பத்துமலை." பத்துமலையின் மகள் பிரமிளா கறுப்பு அங்கியில் மேடையேறி, நிமிர்ந்து நடந்து, சுருளை வாங்கிக்கொண்டு மறுபக்கம் இறங்கிப் போனாள். கலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காதில் மட்டும் இன்னும் எதுவும் இல்லை. யாரும் கைதட்டவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்தினாள். அடுத்த பெயர் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

சற்றுப் பிந்தி வரும் லைவில், அப்போதுதான் தோட்டத்து வீட்டு டிவியில் பிரமிளா மேடையேறினாள். லயத்தார் போட்ட கூச்சலில் கைப்பேசி காதைக் குத்தியது. அத்தனை சத்தத்துக்கும் நடுவே, மிக அருகில், பத்துமலையின் குரல் கேட்டது.

"நடக்குறா… கலா, நடக்குறா. எம் பேரையும்… சொன்னாங்க."

"ஆமா," என்றாள் கலாதேவி. "நல்லாப் பாருங்க."