கொட்டகைக்கு வந்த வார்த்தை

பஞ்சர் அக்காவின் கொட்டகைக் கதவில் நகராட்சி ஒட்டிவிட்டுப் போன தாளில் பாதி ஆங்கிலம். பதினைந்து நாளில் கொட்டகையைப் பிரிக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. காரணமாகப் போட்டிருந்த ஒற்றை வார்த்தை புரியவில்லை. எதிரே இருக்கும் ஐந்து மாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் கொடுத்த புகார் அது. தலைவர் என்றால் ஊருக்குத் தலைவர் இல்லை, லிஃப்ட் நின்றுபோனால் ஆள் கூப்பிடுகிற தலைவர். பதினோரு வருஷமாக அந்தத் தகரக் கூரையின் கீழ்தான் அக்கா சைக்கிளும் பைக்கும் பழுது பார்க்கிறாள். அது போனால் பிழைப்பில் மண்.

கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கும் அவளுடைய நாத்தனார் தாளைப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

“ஐசோர்னு போட்டிருக்கான் அண்ணி. பாக்குற கண்ணை உறுத்துற அளவுக்கு அசிங்கம்னு அர்த்தம்.”

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் கிரீஸ் குடியேறி வருஷக்கணக்காகிறது. “என்னையா சொல்றான்?” என்று அழுகிற குரலில் கேட்டபடி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“ஐயோ, மனுஷங்களை அப்படிச் சொல்ல மாட்டாங்க. கட்டடம், குப்பைமேடு, இதுக்குத்தான் போடுவாங்க. அதுவும் ஒருத்தனுக்குப் பிடிக்கலைன்னா போதாது. போறவன் வர்றவன் எல்லாருக்கும் உறுத்தணும். இதுலயே பாருங்க, தெருவுல இருந்து பாக்குறப்பன்னுதான் ரூல் போட்டிருக்கு.”

“தெருவுல இருந்தா?”

அக்காவுக்கு வந்த அழுகை வந்த வழியே திரும்பிவிட்டது. அவள் தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறவள். அங்கிருந்து என்னென்ன தெரியும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுவாரம் நகராட்சி அதிகாரி அம்மா நேரில் பார்க்க வந்தார். நாத்தனார் அரை நாள் லீவு போட்டுவிட்டு அக்கா பக்கத்தில் நின்றாள். தலைவர் சட்டை மடிப்புக் கலையாமல் காத்திருந்தார்.

“மேல வாங்க மேடம், எங்க பால்கனியில இருந்து பாத்தாத்தான் தெரியும்.”

மேலேயிருந்து பார்த்தால் கூரை தெரியும். காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க அக்கா ஏற்றி வைத்த தேய்ந்த டயர்கள் தெரியும். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

“அம்மா, தாள்ல தெருவுல இருந்துன்னு போட்டிருக்கு. இங்க நின்னே பாருங்க.”

அதிகாரி அம்மா தாளைப் புரட்டினார். “ஆமா, சரிதான்,” என்று நடுத்தெருவில் வந்து நின்றார். வருஷா வருஷம் நீலப் பெயிண்ட் காணும் பலகைச் சுவர். உள்ளே ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் சுவரில் வரைந்து, அதன் மேலேயே மாட்டியிருந்தாள் அக்கா. ஒன்று காணாமல் போனால் வெறும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். வாசலில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

“இதுல எது உறுத்துது?” என்றார் அதிகாரி அம்மா.

“இப்போ அப்படியே திரும்பிப் பாருங்கம்மா.”

அதிகாரி அம்மா திரும்பினார். தலைவரும் திரும்பினார். குடியிருப்புக்காரர்களின் கார்கள் மறுபக்கத்துக் கேட் வழியாகவே போய்வரும். இந்தத் தெருவில் நின்று தங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்க்க அவர்களில் ஒருவருக்கும் இதுவரை தோன்றியதில்லை. ஒழுகும் கழிவுநீர்க் குழாய். அதையொட்டி ஐந்து மாடிக்கும் வழிந்த பாசி. மூன்றாம் மாடி சன்ஷேடில் உடைந்த கக்கூஸ் பீங்கான் ஒன்று சொகுசாகப் படுத்திருந்தது.

“அது... அது பின்பக்கம் மேடம்,” என்று மென்று விழுங்கினார் தலைவர்.

“உங்களுக்குப் பின்பக்கம் சார். தெருவுக்கு அதான் முன்பக்கம்,” என்றாள் அக்கா.

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி அம்மா அக்காவின் தாளை வாங்கி, குறுக்கே ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பையிலிருந்து புதுத்தாள் ஒன்றை எடுத்து, குடியிருப்பின் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“இங்க என்ன போடலாம்?” என்று பொதுவாகக் கேட்டார்.

அக்காவுக்குச் சந்தோஷம் நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூட அவளை விடாத வார்த்தை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.

“ஐசோர்!”