கடைசிச் சுருள்

யுகேந்திரனுக்குத் தலைக்கு மேல் கோபம். காட்டத்தான் ஆள் இல்லை.

ஊமைப்படக் காலத்துக் கொலைக் கதை அது. மதராஸில் எடுத்து பினாங்குக்கு வந்த அந்தப் படத்தின் ஒரே பிரதி, ஜார்ஜ் டவுனில் அவன் வீட்டுக் குளிர் அறையில் இருந்தது. கடைசிச் சுருள் மட்டும் இல்லை. ஜமீன்தாரைக் கொன்றது யாரென்று அதில்தான் தெரியும். மனைவியா, வைத்தியரா, வக்கீலா? பேச்சில்லாத படத்தில் கண் ஜாடைதான் சாட்சி. ஊர் உலகத்துப் பழம்படச் சேகரிப்பாளர்களெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டே அவன் உயிரை வாங்கினார்கள்.

தரகர் பஷீர் பேச்சை நம்பிப் பத்து காவான் என்ற ஊருக்கு ஓடினான். கிடைத்தது யாருடைய கல்யாண வீடியோவோ. புக்கிட் மெர்தாஜாமுக்கு ஓடினான், வெறும் டப்பா. கடைசியில் பாலிக் புலாவிலிருந்து காமாரியா என்ற அம்மாள் தானாகவே போன் செய்தார். அவர் மாமனார் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் படம் காட்டியவர். பரணில் கிடந்த டப்பாவின் மேல் அதே படத்தின் பெயர் இருந்ததாம்.

"ஒரே பிசுக்கு தம்பி, நாத்தம் வேற."

"பரவாயில்லக்கா. எப்படியும் படத்தக் கழுவணும். சனிக்கிழமை கெரெத்தா ஓட்டிட்டு வரேன்."

ஸ்டூடியோக்காரர்கள் பேச்சு அது. லேபில் கொடுத்துத் துடைப்பது, பிரதி எடுப்பது எல்லாவற்றுக்கும் அவனுக்குக் 'கழுவுவது' என்றுதான் பெயர். பழகிப்போன வாய், யோசிக்காமல் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை அவன் போய் இறங்கியபோது வாசல் கொடியில், கைலிகளுக்கு நடுவே, சுருள் நீளநீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் வழியே பின்னால் நின்ற ரம்புத்தான் மரம் தெளிவாகத் தெரிந்தது.

"சுடுதண்ணியில சோப்புப் போட்டுத் தேய்ச்சேன் தம்பி. கறுப்பெல்லாம் போயிடுச்சு லா!"

அந்தக் கறுப்புதான் படம். யுகேந்திரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? கழுவணும் என்று சொன்னவன் அவன்தானே. அந்த அம்மாளின் கை வேறு வெந்நீரில் சிவந்திருந்தது.

சுருளின் நடுக்கட்டையோடு ஒட்டிக்கொண்டு வராமல் போன ஒரு துண்டு மட்டும் தப்பியிருந்தது. மெல்லப் பிரித்து வெயிலில் பிடித்தான். ஒரு முகமாவது, ஒரு கத்தியாவது இருக்காதா?

இருந்தது ஓர் எழுத்து அட்டை: 'முற்றும்'.

காமாரியா தேநீரை நீட்டினார். அவன் முகத்தைப் பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை.

"மிச்ச ரீலெல்லாம் அழுக்காத்தானே கெடக்கும்? கொண்டாங்க தம்பி, அதையும் கழுவித் தரேன்."