இடது கன்னம்

என் சலூனில் டிவி ஓடினால் கத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். எங்கோ ஒரு பெரிய நாடு தன் பக்கத்து நாட்டைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதன் பரம எதிரியான இன்னொரு பெரிய நாடு உள்ளே இறங்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"இறங்கி நாலு சாத்து சாத்தணும்," என்றார் நாற்காலியில் இருந்த போஸ்ட்மேன். முகம் முழுக்க சோப்பு நுரை.

"ஆடாதீங்க சார், கையில கத்தி இருக்கு," என்றேன். "அடுத்தவன் சண்டையில இவன் எதுக்கு மூக்கை நுழைக்கணும்? அவனவன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே!"

வலது கன்னம் முடிந்தபோது தெருவில் கூச்சல். எதிர் சலூன்காரன், என் ஜென்ம விரோதி, தன் பக்கத்துக் கடை தையல்காரரின் சட்டையைப் பிடித்திருந்தான். தையல்காரர் பெஞ்சை நாலு விரல் இவன் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டாராம்.

எனக்குக் கை துறுதுறுத்தது. நியாயம் கேட்கத்தான் ஓடினேன். அவனை நாலு பேர் முன்னால் நாறடிக்கலாம் என்ற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

"அவரை விடுடா!" என்று நடுவில் பாய்ந்தேன்.

"உன்னை யாருய்யா கூப்பிட்டா?" என்று தையல்காரர் என்மேல் பாய்ந்தார். அவரோடு சண்டை போட்டு முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. விரோதியைக் காணோம்.

திரும்பி வந்தால் என் நாற்காலி காலி.

எதிர் சலூனுக்குள் போஸ்ட்மேன். இடது கன்னத்தில் என் நுரை, அதன்மேல் அவன் கத்தி.

"சார்!" என்று அலறினேன்.

"நீதானேப்பா சொன்னே, அவனவன் வேலையைப் பார்க்கணும்னு?" என்றார் போஸ்ட்மேன். "இவன் பார்க்கிறான்."