ஏழாம் எண் பேருந்தின் சுருதி

ஒரு நகரத்தின் ஆன்மா அதன் மாளிகைகளில் குடியிருப்பதில்லை. அதன் முதல் பேருந்தின் இன்ஜின் ஓசையில் குடியிருக்கிறது. டெப்போவின் ஆண்டு விழா அழைப்பிதழில் மேனேஜர் இப்படித்தான் அச்சடித்திருந்தார். அந்த ஆன்மா ஒன்பது வருடமாக ஷெட்டின் பின்பக்கம், டயரில் காற்றில்லாமல் நின்றிருந்தது. கடைசி சீட்டில் ஒரு பூனை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

விழாவுக்கு ஒரே நாள் இருக்கும்போது காது மேஸ்திரியை வரவழைத்தார்கள். ரிட்டயரானவர். பானெட்டைத் திறக்காமலே, காதை மட்டும் கொடுத்து இன்ஜினின் வியாதியைச் சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதில் பெரும்பங்கு அவருடையது. கூடவே மருமகளும் வந்தாள். டீசல் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். காதைவிட ஸ்பேனரை நம்புகிறவள்.

கோளாறு கவர்னரில். இன்ஜின் இழுக்கிற காற்றின் வேகத்தை வைத்து டீசலைக் கூட்டிக் குறைக்கிற உறுப்பு. உள்ளேயிருந்த தோல் வட்டு சருகாகிக் கிழிந்திருந்தது. மருமகள் அதை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த வேறு கவர்னரை மாட்டினாள். காற்றுக்குழாயை முடுக்கினாள். ஸ்டார்ட் செய்து, வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கிற ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினாள். இன்ஜின் சொன்னபடி கேட்டது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒரே சீராக ஓடியது.

"ஆச்சு மாமா" என்றாள்.

"என்னத்த ஆச்சு? இது வண்டியா, மாவு மெஷினா?"

மேனேஜரின் முகமும் தொங்கிவிட்டது. "மேஸ்திரி, இந்தச் சத்தத்துக்கா நான் பழைய பாசஞ்சருங்களை எல்லாம் கூப்பிட்டிருக்கேன்? நம்ம ஏழாம் நம்பர் மூச்சு வாங்குமே!"

வாங்கும். நிற்கும்போது அது ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மேடேறி வந்த பெரிய மனிதர்போல் மூச்சுவிடும். மேஸ்திரி வேலை முடிந்து வீடு திரும்புவதும் அதில்தான்; தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டால் அவர் மனைவி அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கொதி வந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே ஏறுவார்கள். மனைவி போய் ஐந்து வருடமாகிறது. இப்போது அவர் வருவதைச் சொல்ல ஒரு சத்தமும் இல்லை. வந்து தானே தண்ணீர் வைத்துக்கொள்கிறார்.

அந்தச் சுருதியைத் தான் காதால் கேட்டுக் கேட்டு வைத்ததாக முப்பத்தொரு வருடமாக அவர் சொல்லிவந்திருந்தார். கல்யாண வீடுகளில் சொன்னார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னார். நாளைக்கு அது வராவிட்டால், ஊரில் அவருக்குக் காது இருக்கும், பெயர் இருக்காது.

"இடது பக்கம் திருப்பும்மா. ஆங்... போதும். இல்ல, இன்னும் கொஞ்சம்."

திருப்பினாள். மெதுவாக ஓடியது, சீராக. வலது பக்கம் திருப்பினாள். வேகமாக ஓடியது, சீராக.

"மாமா, இதுக்கு மேல திருப்பினா ஸ்க்ரூ கையோட வந்துடும்."

"அந்தக் காலத்துல நான் எப்படி வெச்சேன்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

"காதாலம்மா!"

அவள் கழற்றி வைத்த பழைய கவர்னரை மடியில் வைத்துப் பின்மூடியைத் திறந்தாள். உள்ளே விரல் விட்டுத் துழாவினாள். மாமனாரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு இன்ஜினை நிறுத்தி, புதிய கவர்னரின் மூடியைக் கழற்றி, எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மூடினாள்.

ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

மேனேஜர் கைதட்டினார். பூனை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியது. மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நொடியில் எங்கோ ஓர் அடுப்பு பற்றிக்கொண்டதுபோல் இருந்தது.

"பாத்தியா? என் காது இன்னும் கெடல!"

"நாளைக்கு மேடையில உங்களைப் பேச வைக்கிறேன் மேஸ்திரி. 'சுருதி வைத்த சிற்பி'ன்னு பேனர்!" என்று மேனேஜர் அச்சகத்துக்குப் போன் செய்யப் போனார்.

மருமகள் பையிலிருந்து விரல் கணு அளவு ஸ்பிரிங் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்ஜின் ஐடில்ல ஆடாம பிடிச்சு வைக்கிறது இதுதான். இது இல்லாத கவர்னர் இப்படித்தான் மூச்சு வாங்கும். நோய் மாமா, சுருதி இல்ல. பழசுல இது இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு."

"எவனோ கழட்டியிருப்பான்."

"உங்க கையைத் தவிர வேற கை பட்டதில்லன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

மேஸ்திரி ஸ்பிரிங்கைப் பார்த்தார். இன்ஜின் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"விழா முடிஞ்சதும் திரும்பப் போட்டுடுவேன்" என்றாள். "வெளிய சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பழைய ஸ்பிரிங் எங்கதான் போச்சு?"

அவர் கையிலிருந்ததை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பழைய ஸ்பிரிங் முப்பத்தொரு வருடமாக அவர் வீட்டு டார்ச் லைட்டில், பேட்டரிக்கு அடியில் இருந்தது.